ரத்தம் நிற்காத வீடு

1

"என் தம்பிக்குப் பட்டாளத்துப் பிளாஸ்மா ஏத்துங்க."

இந்த ஒரு வரியிலிருந்துதான் கதை பிறந்தது. 1944, ஆவடி ராணுவ முகாம் ஆஸ்பத்திரி. கேட்டவள் கன்னியம்மா. கேட்கவே கூடாது என்று அவள் அம்மா தாயம்மா காலையில்தான் சத்தியம் வாங்கியிருந்தாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: பட்டாபிராம் ரயிலடியில் மழை மெல்ல

வேண்டாம். ஒருவன் ரத்தம் துப்பிக்கொண்டிருக்கும்போது மழை எதற்கு?

ராணுவச் சரக்கு டிப்போவில் மூட்டை தூக்கும் தம்பி சின்னப்பையனுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியதிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் பஞ்சை மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்தார். பிளாஸ்மா குண்டடி பட்ட சிப்பாய்க்கு, பல் பிடுங்கினவனுக்கு இல்லை என்றார்.

(குறிப்பு: ரத்தத்தில் அணுக்களை நீக்கினால் மிஞ்சும் மஞ்சள் நீர்தான் பிளாஸ்மா. ரத்தத்தை உறைய வைக்கும் சரக்கு அதில் இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு; பெரும்பாலும் தாய்வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வரும். அடுத்தவர் பிளாஸ்மாவை ஏற்றித்தான் ஈடுகட்ட வேண்டும்.)

3

பிறவிக் கோளாறு என்று டாக்டரிடம் யார் சொல்வது? தாயம்மாவின் பிறந்த வீட்டில் ஆண்கள் இப்படியே செத்தார்கள். ஊருக்கு ஜுரம் என்றார்கள். தெரிந்தால் யாரும் பெண்ணெடுக்க மாட்டார்கள். கன்னியம்மாவைத் தன் மகனுக்குப் பேசி முடித்த ஜம்புலிங்கமோ அதே வார்டில் ஆர்டர்லி. மருந்துத் தட்டோடு பக்கத்திலேயே நிற்கிறார்.

அவரை வெளியே அனுப்பிவிட்டு அவளைப் பேச வைத்து எழுதினேன். அடித்துவிட்டேன். அது எனக்குச் சௌகரியம்; அவளுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது.

"எங்கம்மா ஊட்டு ஆம்பளைங்களுக்கு ரத்தம் நிக்காது டாக்டரே. எங்க மாமன் விரல்ல அரிவா பட்டு, அதுலியே பூட்டாரு. ஜுரம்னு பொய் சொல்லிகினு கீறோம்."

டாக்டர் பஞ்சைக் கீழே வைத்தார். புட்டி கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தவர் ஜம்புலிங்கம்தான்.

"என் எதிர்ல இன்னாத்துக்கும்மா சொன்ன?"

"ஒங்களுக்கும்தான் நைனா சொன்னேன்."

4

முடிவுகள்.

அ) ஜம்புலிங்கம் மனம் இளகி அவளையே மருமகளாக்குகிறார். எனக்கே நம்பிக்கையில்லை.

ஆ) சம்பந்தம் முறிகிறது, அவள் அழுது

அழவில்லை. அழ வைக்க நான் யார்?

பிளாஸ்மா இறங்க இறங்க, தம்பியின் வாயிலிருந்து எடுத்த பஞ்சு வெளுத்து வந்தது. அடுத்த வாக்கியத்தை நான் யோசிப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். குமணன்சாவடியில் அக்கா வரலட்சுமியின் ஆண் குழந்தைக்கு அன்று சாயங்காலம் காது குத்து. அக்காவின் மாமியார் வீட்டுச் சனம் மொத்தமும் கூடியிருக்கும். அங்கே அவள் சொன்ன பிறகு என்ன ஆகும் என்பதை நான் எழுதப்போவதில்லை. அந்தக் கூடத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வீர்களோ, அதுவே முடிவு.

ஆஸ்பத்திரி வாசலில் தாயம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தி கல்யாணம் போனது போதாதா, பெரியவளையும் வாழாவெட்டியாக்கப் போகிறாயா என்று கேட்டாள்.

"குத்துறதுக்குள்ள போவணும். உடும்மா" என்று கையை விடுவித்துக்கொண்டு கன்னியம்மா படியிறங்கினாள்.