ஆறு வேட்டு

களியில் உப்பு குறைவு என்று இன்னாசிமுத்து சொன்னான். அதுதான் அவன் உட்கார்ந்து சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு.

"ஏம்மே, சந்தையில உப்பு விக்கிறவன் ஊரை விட்டுப் போயிட்டானா?"

"நேத்து ஜாஸ்தின்னீங்க இல்ல? நேத்து மிச்சம் வாயிலயே இருக்கும். அதை வெச்சுக்கினு தின்னுங்க" என்றாள் அவன் மனைவி கிருபாராணி.

பக்கத்தில் தூக்குப்போசியைத் திறந்துகொண்டிருந்த கெம்பம்மா சிரித்தாள். அவன் கையைப் பாறையில் துடைத்துவிட்டு, கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினான்.

சூளகிரிக்கு மேற்கே இருந்த அந்தக் கருங்கல் குவாரியில் ஆண்கள் மேலே பாறையில் குழி அடித்து வெடிமருந்து வைப்பார்கள். பெண்கள் கீழே மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஜல்லி உடைப்பார்கள். வேட்டுகளைக் காதால் கேட்டு எண்ணுவதும் பெண்கள் வேலை. ஒவ்வொரு வேட்டுக்கும் ஒரு கல் சில்லை மடியில் போட்டுக்கொள்வார்கள். எல்லாம் ஓய்ந்ததும் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்வார்கள். வைத்த குழியும் வெடித்த வேட்டும் ஒத்துப்போனால் மேஸ்திரி விசில் ஊதுவார், ஆட்கள் பாறைக்குப் போவார்கள். ஒன்று குறைந்தாலும் அரைமணி நேரம் ஒருவரும் அசையக் கூடாது. உறங்கிக் கிடக்கும் மருந்து எப்போது விழிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அது ஐம்பத்தாறாம் வருஷம், புரட்டாசி மாதம். அந்த ஜல்லியைக் கொட்டிப் போடும் சாலை ஐப்பசி மழைக்கு முன் முடிய வேண்டும் என்று அரசாங்கம் கெடு வைத்திருந்தது. முந்தி முடிக்கிற கம்பெனிக்கே அடுத்த இருபது மைலும் என்றார்கள். கம்பெனி, மேஸ்திரி முனிவேலைக் கூப்பிட்டு, சனிக்கிழமைக்குள் நாற்பது வண்டி ஏற்றினால் பக்கத்துக் குவாரிக்கும் நீயே மேஸ்திரி என்றது. மேஸ்திரி ஆட்களிடம் எதுவும் சொல்லவில்லை. விசிலை மட்டும் சீக்கிரம் ஊத ஆரம்பித்தார்.

அன்றைக்கு ஏழு குழி. களி தின்று ஒரு மணி நேரத்தில் திரியைக் கொளுத்தினார்கள். கிருபாராணி மடியைப் பார்த்தாள். ஆறு சில்லு.

"மேஸ்திரி, ஆறு!" என்று கத்தினாள்.

"ரெண்டு ஒண்ணா வெடிச்சுது, நான் கேட்டேன்!" என்று மேலிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது. "கீழ வண்டி நிக்குது. போங்கடா!"

விசில் ஊதிற்று. கூட இருந்தவர்கள் தயங்கினார்கள். இன்னாசிமுத்து முதலில் போனான். எப்போதும் அவன்தான் முதலில் போவான்.

ஏழாவது அப்போது வெடித்தது.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் கம்பெனி ஏஜெண்டு, ஆட்களுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டியிருந்த லைன் வீட்டுக்கு வந்தார். வெளியே நின்றபடியே பேசினார்.

"இங்க பாரும்மா. இதை விசாரிக்க சேலத்துலேர்ந்து ஆபீசர் வர்றாரு. நீ ஏழுன்னு சொன்னேன்னு சொல்லு. மலை எதிரொலிச்சுது, தப்பா எண்ணிட்டேன்னு சொல்லு. மனுசன் தப்பு, கடவுள் செயல். வீடு உனக்கு, வேலை உனக்கு."

"ஆறுன்னுதானே சொன்னேன்?"

"ஆறுன்னா உன் புருசன் தெரிஞ்சே போனான்னு ஆயிடும். தானா போய்ச் செத்தவனுக்குக் கம்பெனி எதுக்குக் குடுக்கணும்? சட்டம் அப்படி. யோசிச்சுக்க."

அவள் யோசித்தாள். சட்டம் அவளுக்குத் தெரியாது. கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் ஐந்தாவது வரை படித்ததில் சட்டம் வரவில்லை. ஆறு என்றால் வீடு போகும். அவன் பேரும் கெடும் என்கிறார்கள். ஏழு என்றால் அவனைக் கொன்றது அவளுடைய வாய் என்று எழுதிக்கொள்வார்கள், விசிலைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். நாளைக்கு வேறொருத்தி ஆறு என்று கத்துவாள். இரண்டு நாள் இப்படியே கழிந்தது. மூன்றாம் நாள் விசாரணைக்கு ஓசூர் பஸ் ஏறினாள்.

தாலுகா ஆபீஸ் அறையில் அதிகாரி ஒரு பக்கம், ஏஜெண்டும் வக்கீலும் மேஸ்திரியும் ஒரு பக்கம். முதலில் கெம்பம்மாவைக் கேட்டார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "நனக்கு எண்ணத் தெரியாது சாமி" என்று கன்னடம் கலந்து சொன்னாள். ஆறு வருஷமாக எண்ணியவள். கிருபாராணிக்குக் கோபம் வரவில்லை. கெம்பம்மாவுக்கும் லைனில்தான் வீடு.

வக்கீல் எழுந்தார். "அங்கே கன்னடம், தெலுங்கு, தமிழ் எல்லாம் கலந்து கத்துவார்கள். இந்தம்மா என்ன சொன்னாளோ, மேஸ்திரி காதில் எது விழுந்ததோ."

"மூணு பாசையிலயும் ஆறுக்குப் பேரு ஆறுதான் ஐயா" என்றாள் கிருபாராணி.

அதிகாரியின் எழுத்தர் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டார். வக்கீல் விடவில்லை. "எதிரொலியை ஒரு வேட்டு என்று எண்ணி ஏழு என்று கத்தினாய். ஆமாவா, இல்லையா?"

"மலை ஒரு வேட்டுக்கு மட்டுமா திருப்பிச் சொல்லும்? எல்லாத்துக்கும் சொல்லும். அதையும் சேத்து எண்ணினா பன்னெண்டு வரணும். ஏழு எப்படி வரும், நீங்களே சொல்லுங்க."

மேஸ்திரி முனிவேல் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"அப்போ ஆறு என்று தெரிந்தும் உன் கணவர் போனார்?" என்று அதிகாரி கேட்டார்.

இந்தக் கேள்விக்குத்தான் அவள் இரண்டு நாள் பயந்திருந்தாள். "போனாரு ஐயா. விசில் ஊதினா போகணும். போகலைன்னா அன்னிக்குக் கூலி இல்ல, மறுநாள் வேலையும் இல்ல. அவர் தெரிஞ்சு போனது நிசம். போகச் சொன்னதும் நிசம். ரெண்டையும் எழுதுங்க."

அதிகாரி எழுதினார். பிறகு ஏஜெண்டைப் பார்த்து, "ஆள் உத்தரவை மீறினான் என்ற சாக்கு காயத்துக்குத்தான். சாவுக்குச் சட்டத்தில் அது இல்லை. இங்கே அவர் மீறவும் இல்லை" என்றார். எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினார். எழுத்தர் கைரேகைக்கு மைப்பெட்டியை நகர்த்த, அவள் பேனாவைக் கேட்டு வாங்கி, கிருபாராணி என்று முழுப்பேரும் எழுதினாள்.

உத்தரவு வரப் பதினோரு மாதம் ஆயிற்று. நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி அதில் இருந்தது. அதற்குள் லைன் வீடு போய்விட்டது. அவள் மத்திகிரியில் தங்கை வீட்டோடு இருந்துகொண்டு மாட்டுப்பண்ணையில் புல் அறுத்தாள். குவாரியில், எண்ணிக்கை குறைந்தால் அரைமணி நேரம் பொறுக்க வேண்டும் என்று மூன்று மொழியிலும் பலகை வைத்தார்கள். முனிவேல் எங்கே போனார் என்று அவள் கேட்கவில்லை.

அவள் கிருஷ்ணகிரிக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் அந்த இடம் வரும். காலை வெயில் முகத்தில் அடிக்குமென்று ஜல்லி உடைக்கிற பெண்கள் இன்றைக்கும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்து, வேட்டுகளைக் காதால் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.