கைக்கு வராத பணத்துக்குத் தசமபாகம்

கிங்ஸ்லி சூதாடினான் என்பதோடு கதை முடிந்திருந்தால், கைப்பேசியும் கையுமாகக் கெட்டுப்போன நாலு பேரோடு அவனையும் சேர்த்து வைதுவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். இந்த மனுஷன் அதற்குத் தசமபாகம் வேறு கொடுத்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

பாளையங்கோட்டையில் வாடகை வீடு, வண்ணார்பேட்டை பெயிண்ட் கடையில் பில் போடுகிற வேலை. குடிக்க மாட்டான், பாக்குகூடப் போட மாட்டான். மகள் ஸ்வீட்லினுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் ஐம்பதாயிரம் கட்டாவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் என்று கல்லூரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பணம் இருந்தது. மனைவி எலிசபெத் சீட்டுப் போட்டு எடுத்த ஐம்பதாயிரத்தை அவன் கணக்கில்தான் போட்டு வைத்திருந்தாள். அங்கே போட்டதுதான் வினையாகப் போயிற்று.

ஃபீஸ் கட்டினால் மட்டும் போதுமா? ஹாஸ்டல், சீருடை, புத்தகம் என்று இன்னும் இருக்கிறதே! அந்தக் கவலையோடு கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தவன் கண்ணில்தான் விளம்பரம் பட்டது. பத்தாயிரம் போட்டால் பத்தாயிரம் போனஸ். கொடுத்ததற்கு மேல் சும்மா கொடுக்கிறான், கசக்குமா? அடியில் பொடி எழுத்தில் நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்றும் இருந்தது. பெயிண்ட் டப்பாவில் எழுதியிருப்பதையே எவனும் படித்து வாங்குவதில்லை என்பது கிங்ஸ்லிக்குத் தெரியும். அவனும் படிக்கவில்லை; ஃபீஸ் பணத்திலிருந்து பத்தாயிரத்தை எடுத்துப் போட்டுவிட்டான்.

வியாழக்கிழமை மதியம், கடைக்குப் பின்னாலிருந்த குடோனில் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவி வைத்துவிட்டு ஆட உட்கார்ந்தான். பழங்களும் மணிகளும் சுழன்று நிற்கிற ஆட்டம். ஐந்நூறு ஐந்நூறாக வைத்துக் கொஞ்சம் விட்டான், கொஞ்சம் பிடித்தான். என்ன தோன்றியதோ, ஒரே ஒரு தடவை ஆயிரம் வைத்தான். திரை முழுக்க வாணவேடிக்கை. ஆட்டக் கணக்கில் ஒரு லட்சத்து எண்பதாயிரம்! பெயிண்ட் டின்களுக்கு நடுவே முழங்கால் போட்டு, "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று அழுதே விட்டான்.

வீட்டில் உண்மையைச் சொல்லத் துணிவில்லை. பெயிண்ட் கம்பெனி இன்சென்டிவ் அறிவித்திருக்கிறது, ரெண்டு நாளில் பணம் வந்துவிடும் என்றான். எலிசபெத் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"மொதல்ல தசமபாகத்தை எடுத்து வைங்க. பெறவுதான் மத்ததெல்லாம்."

"பணம் இன்னும் கைக்கு வரலையே எலிசபெத்து."

"வந்துரும்னு சொல்லுதீங்கள்லா? ஆண்டவர் குடுக்கும்போது யோசிக்கலை, நாம யோசிக்கலாமா? ஃபீஸ் பணத்துல இருந்து எடுப்போம், வந்ததும் திருப்பிப் போட்டுருவோம்."

அவனுக்கும் அப்படிச் செய்தால்தான் மனசு நிம்மதிப்படும் போலிருந்தது. பத்தில் ஒரு பங்கு கர்த்தருக்கு; சின்ன வயதிலிருந்து கிறிஸ்துமஸ் போனஸ் முதல் மாமனார் கொடுத்த பணம் வரை எதிலும் அவன் தவறியதில்லை. அன்று சாயங்காலமே பதினெட்டாயிரத்தை எடுத்து உறையில் போட்டு, இரண்டு பேரும் குருவானவர் தேவசிகாமணி வீட்டுக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அசனம். ஊர்கூடி ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்கிற விருந்து. கிடா வாங்கப் பணம் குறைகிறதே என்று ஜெபித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லி, குருவானவர் கிங்ஸ்லியின் தலைமேல் கை வைத்து ஆசீர்வதித்தார்.

மறுநாள் காலை பணத்தை எடுக்கப் போனால், எடுக்க முடியவில்லை. போனஸ் நிபந்தனை இன்னும் நிறைவேறவில்லை என்று வந்தது. உதவிக்கு என்று இருந்த பெட்டியில் எழுதிக் கேட்டான். 'அன்புள்ள கிங்ஸ்லி, கவலை வேண்டாம், தொடர்ந்து விளையாடுங்கள்' என்று பதில் வந்தது. எத்தனை தடவை கேட்டாலும் அதே அன்பு, அதே பதில்.

கடையில் சரக்குக் கணக்குப் பார்க்கிற காசிலிங்கத்திடம் பைய விஷயத்தைச் சொன்னான். அவர் ஏற்கெனவே இதில் கையைச் சுட்டுக்கொண்டவர். கைப்பேசியை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே, நீ போட்ட பத்து, அவன் குடுத்த பத்து, ரெண்டையும் சேத்து நாப்பது மடங்குக்குப் பந்தயம் வச்சு உருட்டுனாத்தான் எடுக்க விடுவான். எட்டு லட்சம்! அதுவும் இந்த ஒரு ஆட்டத்துலதான் உருட்டணும், சீட்டாட்டம் கணக்குல சேராது. நாளை ராத்திரியோட கெடு முடியுது."

"போனஸே வேண்டாம்னு சொல்லிட்டா, அண்ணாச்சி?"

"சொல்லிப் பாரு. செயிச்சதையும் சேத்து அழிச்சிருவான். ஒன் பத்தாயிரத்தைக் கேட்டா அது மொதல்லயே ஆடித் தீந்துட்டும்பான்."

"போலீசுக்குப் போவோமா?"

"தடை பண்ணுன ஆட்டம்லே இது. நீ ஏம்ல ஆடுனன்னுதான் மொத கேள்வியே கேப்பான்."

கிங்ஸ்லிக்குக் கடனுக்கும் வழியில்லை, எலிசபெத்தின் சங்கிலி ஏற்கெனவே அடகில் இருந்தது, முதலாளியிடம் முன்பணமும் வாங்கியாயிற்று. மதியம் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே குருவானவர் வீட்டுக்குப் போனான். கொடுத்த காணிக்கையைத் திருப்பிக் கேட்பதா என்று வழியெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டே போனான். கேட்டுவிடுவது என்றுதான் போனான்.

"வாங்க வாங்க, நல்ல நேரத்துல வந்தீங்க" என்று குருவானவர் அவன் கையைப் பிடித்துக் கோயில் காம்பவுண்டுக்குள் கூட்டிப்போனார். வேப்பமரத்தடியில் இரண்டு கிடாக்கள் கட்டிக் கிடந்தன. "ஒங்க காணிக்கைதான். நேத்தே ஆள் விட்டு வாங்கிட்டேன். எப்படி இருக்கு பாருங்க!"

கிடா ஒன்று அவனைப் பார்த்துக்கொண்டே குழையை மென்றது. நல்லா இருக்கு ஐயா என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். வேறு என்ன சொல்வான், பாவி?

அன்று சாயங்காலமும் மறுநாள் முழுக்கவும் குடோனில் உட்கார்ந்து உருட்டினான். இனி ஐந்நூறுக்கு மேல் கை போகாது, அவ்வளவு பயம். ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையே விட்டுப்போயிருந்தது. எட்டு லட்சம் உருண்டு முடியட்டும், பிள்ளையின் ஃபீஸில் குறைந்த இருபத்தெட்டாயிரம் மட்டும் மிஞ்சட்டும் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் உதட்டுக்குள் ஜெபித்தான். லட்சத்து எண்பது, லட்சத்து இருபதாயிற்று. எழுபதாயிற்று. விரல் மரத்துப்போனது. சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் நிபந்தனை நிறைவேறியது என்று திரை சொன்னபோது முப்பத்தோராயிரம் மிஞ்சியிருந்தது. இந்த முறை பணத்தைக் கேட்டபோது மறுக்கவில்லை. பரிசீலனையில் உள்ளது என்று வந்தது. அன்று வீட்டில் கிங்ஸ்லி வயிறாரச் சாப்பிட்டான், மகளிடம் கேலிகூடப் பேசினான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பந்தலில் பந்தி போட்டார்கள். ஆண்கள் ஒரு வரிசை, எதிரே பெண்கள். எலிசபெத் நல்ல பட்டு கட்டியிருந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் என்னவோ சொல்லி அவனைக் காட்டிச் சிரித்தாள். இலையில் தண்ணீர் தெளிக்கும்போது சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது.

போனஸ் காலத்தில் ஒரு சுற்றுக்கு ஐந்நூறுக்கு மேல் வைக்கக் கூடாதாம். வியாழக்கிழமை ஒரு தடவை ஆயிரம் வைத்தாராம் அன்புள்ள கிங்ஸ்லி. ஆகவே வென்றது எல்லாம் ரத்து. மிச்சம் பூஜ்யம். அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே, படுபாவிகளா! சொல்லாமல் இரண்டு நாள் உருட்டவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். அதற்கடியிலேயே அடுத்த வரவேற்புச் சலுகையும் இருந்தது.

சோற்று வாளி வந்தது. பின்னாலேயே கறி வாளி. ஸ்வீட்லின் தம்ளர்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வரிசையில் வந்தவள், அப்பாவிடம் குனிந்தாள்.

"எப்பா, நாளைக்கு லீவு சொல்லிட்டீங்கள்லா? காலைலயே போயிருவோம்ப்பா. கூட்டமா இருக்குமாம்."

அவன் தலையை ஆட்டினான். நாளைக்கு எந்த முகத்தோடு அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவான்? இருபத்திரண்டாயிரத்தை நீட்டினால் எண்ணிப் பார்த்துவிட்டு என்ன சொல்வார்கள் என்பது அவனுக்கு இப்போதே தெரியும்.

கறி வாளிக்காரரோடு குருவானவரே வந்துவிட்டார். "கிங்ஸ்லிக்கு நல்ல துண்டாப் பாத்து வைங்க!"

போதும் என்று கிங்ஸ்லி இலைக்கு மேல் கையை விரித்தான்.

"அட, கையை எடுங்க. ஒங்க காணிக்கைல்லா இது! கூச்சப்படாம சாப்பிடுங்க."

பந்தியே அவனைப் பார்த்தது. எதிர் வரிசையிலிருந்து எலிசபெத்தும் பார்த்தாள். கிங்ஸ்லி கையை எடுத்தான். இலையில் கறி விழுந்தது. மகள் தண்ணீர்ச் சருவத்தோடு அடுத்த இலைக்குப் போனாள். அவன் குனிந்து சாப்பிட ஆரம்பித்தான்.