செவ்வந்திக் கண்மாய்த் தண்ணீர் காத்து நின்றது

பசுமலைக்குத் தெற்கே செவ்வந்திக் கண்மாயின் மடையைத் திறந்த பிறகும் தண்ணீர் வெளியே வரவில்லை. மடைவாயில் கண்ணாடிச் சுவர் போல நின்றது. உள்ளே கெண்டை மீன்கள் நீந்துவதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. ஒருவர் சுண்டல் கடை போட்டார், நல்ல வியாபாரம்.

அந்த வருடம்தான் கண்மாய்த் தகராறைத் தீர்க்கச் செயற்கை நுண்ணறிவு மெஷின் வந்திருந்தது. வயலில் கதிர் பிடிக்கத் தண்ணீர் வேண்டும், பழங்காநத்தத்து வீடுகளுக்குக் குடிக்க வேண்டும், சாயப்பட்டறைகளுக்குச் சுங்குடிச் சேலை அலச வேண்டும். மெஷினைப் பழக்கியவள் சூடாமணி, பட்டறைக்காரர்களின் தலைவர் கிரிதரனின் மகள். வீட்டில் சௌராஷ்டிரமும் தெருவில் தமிழும் பேசி வளர்ந்தவளுக்கு மெஷினோடு பேசுவது பெரிய காரியமாக இல்லை. மழை, வெயில், மண்ணின் ஈரம் எல்லாம் பார்த்து யாருக்கு எந்தப் பொழுதில் எவ்வளவு என்று அது சொல்லிவிடும். மடை திறக்கும்போது கற்பூரம் ஏற்றி, அவரவர் தேவையைத் தண்ணீர் முன்னால் வாய்விட்டுச் சொல்லும் பழைய வழக்கத்தை மட்டும் அவள் நிறுத்திவிட்டாள். செல்போனில் தட்டினால் போதாதா என்று நினைத்தாள். எல்லோரும் தாராளமாகத் தட்டினார்கள். எப்படியும் குறைப்பார்கள், கூட்டியே கேட்போம் என்பது மதுரைக்காரர்களுக்குக் காய்கறி மார்க்கெட்டில் படிந்த பழக்கம்.

கதிர்கள் வாடத் தொடங்கின. மெஷினைத் தூக்கிக் கண்மாயிலேயே போடு என்று பேச்சு கிளம்பியது. சூடாமணி மெஷினிடமே காரணம் கேட்டாள். "பங்கு சரி. அவர்கள் கேட்ட அளவு உண்மையா என்று எனக்குத் தெரியாது" என்று திரையில் வந்தது. தான் நிறுத்திய வழக்கம் நினைவுக்கு வர, அவள் மடைக்குப் போய்க் கற்பூரம் ஏற்றி எல்லோரையும் அழைத்தாள். வந்தார்கள், ஆனால் முதலில் குறைத்துச் சொல்பவன்தானே ஏமாந்தவன், ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளிவிட்டார்கள்.

கிரிதரன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "நாங்க கேட்டதுல பாதி போதும். அலசுன தண்ணியச் சுத்தம் பண்ணி மறுபடி எடுத்துக்கிறோம்."

தண்ணீர் ஒரு சாண் முன்னால் வந்தது.

வயல்காரர்களுக்காக நின்ற ராமக்காள் அதைப் பார்த்தாள். "நாங்களும் அம்புட்டு கேட்டிருக்கக் கூடாதுண்ணே. மூணுல ரெண்டு பங்கு இருந்தா நெல்லு வெளஞ்சிரும்." பழங்காநத்தத்து ராஜகுரு காதைச் சொறிந்தபடி, "எங்களுக்கும் கொஞ்சம் கொறைச்சுக்கங்க" என்றார்.

சூடாமணி கையில் இருந்த மெஷின் பங்கைப் புதிதாகப் பிரித்தது: விடியலில் வயல், பிறகு வீடுகள், சாயங்காலம் பட்டறை. தண்ணீர் அடக்கமாக இறங்கி நடந்தது. வாய்க்கால் பிரியும் இடத்தில் நின்று, வயலுக்குப் போவதை முதலில் போகவிட்டது, மற்றது தன் முறைக்குக் காத்திருந்தது. அறுவடை குறையவில்லை, ஒரு வீட்டிலும் குடம் காயவில்லை, மீன்களுக்கும் கண்மாயில் மிச்சம் இருந்தது.

"ஒன் மெஷின் ஒழுங்காத்தான் பங்கு போடுது. பொய் சொன்னது நாங்கதான்" என்றார் கிரிதரன். அத்தனை பேர் முன்னால் அப்பா இதைச் சொன்னதில் சூடாமணிக்குப் பெருமை தாங்கவில்லை, கண் நிறைந்துவிட்டது. அவருக்கோ காளவாசல் டீக்கடையில் முன்பின் தெரியாதவரிடம்கூட, "அது எம்மக பழக்குனது" என்று சொல்லாமல் டீ இறங்குவதில்லை.

செல்போனில் தட்டும் ஏற்பாட்டை அவள் எடுத்துவிட்டாள். மெஷின் இப்போது மடையடியில் பேசுவதை மட்டுமே கேட்டுக்கொள்கிறது. இந்த வருடமும் மடை திறந்ததும் தண்ணீர் மடைவாயிலேயே நின்றது. யாரும் வேடிக்கை பார்க்கவில்லை, சுண்டல்காரரும் வரவில்லை. கிரிதரன் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் போனார்.