காந்தத்தைத் தள்ளி வைத்த லிஃப்ட் மெக்கானிக்

கம்பெனி டாக்டர் லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பத்து வாரம் கெடு கொடுத்திருந்தார். மூன்று நிமிடம் ஒரு பலகையில் ஏறி இறங்க வேண்டும். ஒரு நிமிடம் உட்கார்ந்ததும் நாடித்துடிப்பு நூற்றுக்குக் கீழே வந்துவிட வேண்டும். வராவிட்டால் லிஃப்ட் கூண்டின்மேல் நின்று வேலை செய்ய அனுமதி இல்லை. புகார் மேசையில் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டியதுதான். இருபத்திரண்டு வருடம் கம்பிவடமும் கிரீஸுமாக வாழ்ந்தவருக்கு அது தண்டனைதான். அவர் போன் எடுத்தால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு லிஃப்ட் எப்படி ஓடுகிறது என்று விளக்கிவிட்டுத்தான் ஆள் அனுப்புவார் என்று மனைவி வேறு கிண்டல் செய்தாள்.

ஓடலாம் என்றால் முழங்கால் ஒத்துழைக்காது. அதனால் நின்றபடியே மிதிக்கும் எலிப்டிகல் என்ற உடற்பயிற்சி இயந்திரம் வீட்டுக்கு வந்தது. வந்த அன்றே அதன் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு மனைவிக்குப் பாடம் எடுத்தார். இதில் கால் மிதியை விட்டு எழுவதே இல்லை, நீள்வட்டமாகச் சறுக்கிப் போகிறது. ஓடும்போது தரை திருப்பிக் கொடுக்கும் அடி முழங்காலுக்கு விழாது. கைப்பிடிகளைத் தள்ளி இழுப்பதால் தோளும் முதுகும்கூட வேலை செய்யும்.

தினமும் ஒரு மணி நேரம் மிதித்தார், செய்தித்தாள் படித்துக்கொண்டே. திரையில் பன்னிரண்டு கிலோமீட்டர் காட்டும். மூன்றாவது வாரம் ஒரு மாலை, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடித்து வந்த மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒரு மணி நேரம் ஓடியிருக்கீங்க, சட்டையில இஸ்திரி மடிப்பு அப்படியே இருக்கு?"

மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள். எழுபத்தெட்டு. தானே ஏறி மிதித்தாள். கால் காற்றில் சுற்றியது. என்ன செய்தீர்கள் என்று கேட்டதும் அவர் பெருமையாகவே சொன்னார். உள்ளே கனமான சக்கரம் ஒன்று சுற்றுகிறது. பக்கத்தில் ஒரு காந்தம். சக்கரத்தைத் தொடாமலேயே அதைப் பின்னுக்கு இழுக்கும். நெருங்க நெருங்க மிதிப்பது கனக்கும். அந்தக் காந்தத்தைத்தான் கழற்றி எட்டத் தள்ளி முடுக்கிவைத்திருந்தார்.

"ஓடுற சக்கரத்த ஏதாவது பிடிச்சு இழுத்தா, எங்க வேலைல அது கோளாறும்மா."

"அந்தக் கோளாறத்தான் கடையில வாங்கிட்டு வந்தோம். மூணு வாரமா மிஷினுக்கு ஓய்வு குடுத்திருக்கீங்க."

அவர் ஸ்பேனரை எடுத்தார்.

காந்தம் பழைய இடத்துக்கு வந்த முதல் நாள், நான்காவது நிமிடத்திலேயே நாக்குத் தள்ளியது. ஒரு நிமிடம் கனமாக, இரண்டு நிமிடம் லேசாக என்று மனைவி முறை வைத்தாள். சில நாள் பின்னோக்கி மிதித்தார். பின்தொடை இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. ஆறாவது வாரம் படுத்ததும் தூக்கம் வந்தது. எட்டாவது வாரம் மாடிப்படி ஏறும்போது முழங்கால் முணுமுணுக்கவில்லை. பழகிய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தம் அனுப்புகிறதாம். பெரிய வாளியால் இறைத்தால் குறைந்த தடவை போதுமே என்று சாப்பாட்டுக்கு நடுவே விளக்கினார். மனைவி வாளியை விட்டுவிட்டுச் சாப்பிடச் சொன்னாள்.

பரிசோதனை நாளன்று டாக்டர் நாடியை இரண்டு முறை எண்ணினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

மெக்கானிக் வாசலில் நின்றே மனைவிக்குப் போன் செய்தார். "தொண்ணூத்தி நாலு."

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னார்.

"சரி, வெச்சிடறேன். ஆறாவது மாடியில ஒரு லிஃப்ட் நின்னுபோச்சாம். கூண்டு மேல ஏறணும்."