முடிவு தெரிந்தவர்கள் இருவர்

ஒரு நாவல் எப்படி முடிகிறது என்று தெரியாத குற்றத்துக்காக யாரும் ஜெயிலுக்குப் போனதில்லை. இது லவோன் டிப்ஸுக்கும் தெரியும். ஆனாலும் அந்த வியாழக்கிழமை காலை, சான் டியேகோவில் வீடில்லாதவர்கள் தங்கும் காப்பகத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தனக்குத் தெரியாத ஒரு முடிவை நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள்.

மாதம் ஒருமுறை கோர்ட்டே அந்தக் கூடத்துக்கு வந்துவிடும். காலைச் சாப்பாட்டின் பீன்ஸ் வாசனை போவதற்குள் ஒரு நீள மேசையைத் துடைத்து, ஓரத்தில் கொடியை நட்டு, நீதிபதி வந்து உட்கார்ந்துவிடுவார். வருகிற வழக்குகளெல்லாம் சில்லறை: ட்ராமில் டிக்கெட் இல்லாமல் ஏறியது, பூங்காவில் படுத்தது, காரிலேயே குடியிருந்தது. அபராதம் போட்டால் கட்ட யாரிடம் இருக்கிறது? அதனால் இங்கே கணக்கு வேறு. 'இத்தனை நாளில் உருப்படியாக என்ன செய்தாய்?' என்று கேட்பார்கள். ஒருவன் குடியை விட்டதைக் காட்டுவான், இன்னொருவன் சமையல் பயிற்சியைக் காட்டுவான். செய்தது மெய்யென்றால் வழக்கு போய்விடும்.

லவோன் காட்டவிருந்தது வாசகர் வட்டம். கேட்கிற எவருக்கும் சிரிப்பு வரும்; அவளுக்கே வந்தது. ஆனால் அவள்மேல் இருந்த பழைய சில்லறை வழக்குகள் தீராதவரை அவளுடைய ஓட்டுநர் உரிமம் திரும்பி வராது. உரிமம் வந்தால்தான் வேலை. வேலை என்றால், பல வருடம் அவள் ஓட்டிய அதே மஞ்சள் பள்ளிப் பேருந்து. அடுத்த திங்கள் பள்ளி திறக்கிறது. டிப்போ மேலாளர் ஹெக்டர் அதுவரை இடத்தைப் பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தான். அதற்கு மேல் ஒரு நாள்கூட முடியாது என்றும் சொல்லியிருந்தான்.

"ஒண்ணே ஒண்ணு," என்று முந்தின நாள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள் நோரா, இலவசமாக வாதாடும் இளம் வக்கீல். "ஜட்ஜ் ஹாலோவெல் அம்மா இப்பல்லாம் புத்தகம் எப்படி முடியுதுன்னு கேக்குறாங்க. போன மாசம் ஒருத்தன் படிச்சேன் படிச்சேன்னு சாதிச்சிட்டு, கப்பல் முழுகுற கதைக்கு, எல்லாரும் சந்தோஷமா ஊர் போய்ச் சேர்ந்தாங்கன்னு சொல்லிட்டான். முடிவ மட்டும் நல்லாத் தெரிஞ்சு வச்சுக்குங்க."

அங்கேதான் சிக்கல். வட்டத்துக்கு யாரோ தானமாகக் கொடுத்த அந்தப் புத்தகம், 'முகவரி இல்லாத சாட்சி', செங்கல் கனத்தில் ஒரே ஒரு பிரதி. உலகத்தையே முதுகுப் பையில் சுமக்கிறவர்கள் செங்கல்லை வேறு சுமப்பார்களா? அதனால் வட்டத்தின் வழக்கம், எந்தப் புத்தகம் வந்தாலும் முதலில் சமையலறைக் கத்திக்குப் பலி. ஐந்து பாகமாக அறுத்து ரப்பர் வளையம் மாட்டிப் பிரித்துக்கொள்வார்கள். சனிக்கிழமை கூடும்போது மாற்றிக்கொள்வார்கள். கிடைத்த வரிசையில் படிக்க வேண்டியதுதான். லவோனுக்கு இரண்டாம் பாகத்துக்கு முன்னால் மூன்றாம் பாகம் வந்தது. செத்துப்போனவன் அடுத்த வாரம் எழுந்து வந்து பீட்ஸா சாப்பிட்டதைப் பார்த்து, ஆவிக்கதை என்றே முடிவு கட்டிவிட்டாள். ஐந்தாம் பாகமோ அவள் கைக்கு வரவே இல்லை. முதலில் வட்டத்து ஆள் ரூஃபஸிடம் இருந்தது, அவனிடமிருந்து மிஸ் ஏர்னஸ்டினிடம் போனது, அவள் பையிலேயே குடியேறிவிட்டது.

இருவரும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். ரூஃபஸுக்கும் அன்று வழக்கு உண்டு. மிஸ் ஏர்னஸ்டினுக்கு எதுவும் இல்லை. வேடிக்கை பார்க்கத் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"சீக்கிரம் சொல்லுங்க, எப்படி முடியுது?" என்றாள் லவோன்.

"அந்தக் குப்பையா?" என்றான் ரூஃபஸ். "சாட்சி சொன்ன கிழவன் கோர்ட்டு வாசல்லயே செத்துப் போறான். கதையில வர்ற வக்கீலம்மா பேரு வாங்கிட்டுப் போறா. வேற எப்படி முடியும்? நம்மாளு செத்தாத்தானே அவங்களுக்குக் கண்ணீர் வரும்."

"அட பாவி!" மிஸ் ஏர்னஸ்டின் தொப்பி ஆடியது. "நீ நம்பாத கண்ணு. கிழவனுக்கு வீடு கிடைக்குது. வாசல்ல மஞ்சப் பூச்செடி. வக்கீலம்மா கேக் சுட்டு எடுத்துட்டு வர்றா. நான் எப்படி அழுதேன் தெரியுமா?"

"நீங்க சோப்பு விளம்பரத்துக்கே அழுவீங்க."

"நீ கல்யாண வீட்லகூட குறை சொல்ற பய. நடுராத்திரி அந்த வக்கீலம்மா காப்பகத்துக்குப் போயி கிழவனுக்குப் படுக்கை வாங்கினதுக்கே ரெண்டு வாரம் கத்துனியே!"

"பின்ன? குதிகால் செருப்போட நடுராத்திரில வர்றாளாம், படுக்கை ரெடியா இருக்காம். நாம மத்தியானத்துலேருந்து வரிசையில நிக்கிறோம், நமக்கு இல்ல. அதுல எழுத்தாளருக்குப் பெரிய மனசுன்னு அட்டையில போட்டிருக்கான்."

"கதைடா ராசா, கதை! நெஜமா நடக்கிறதப் படிக்கணும்னா நான் கண்ணாடியப் பார்ப்பேன்."

சனிக்கிழமைகளில் லவோன் இந்தச் சண்டையை ரசித்துக் கேட்பாள், நடுவே எண்ணெயும் ஊற்றுவாள். இன்று இரண்டு பேரையும் சேர்த்து மேசைக்கடியில் தள்ளலாம் போலிருந்தது. சட்டென்று மிஸ் ஏர்னஸ்டினின் பைக்குள் கையை விட்டு, காலுறைகளுக்கும் ஒரு ஜெபப் புத்தகத்துக்கும் நடுவிலிருந்து ஐந்தாம் பாகத்தை உருவினாள். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

'நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். கூடம் மூச்சை அடக்கியது. "இந்தச் சாட்சியைப் பொறுத்தவரை," என்று அவர்'

அவ்வளவுதான். அதற்கப்புறம் கிழிந்த நூலும் காய்ந்த பசையும்.

"மிச்சம் எங்கே?"

ரூஃபஸ் கூரையில் எதையோ தேடினான். மிஸ் ஏர்னஸ்டினுக்குத் தொப்பியைச் சரிசெய்ய நிறைய வேலை இருந்தது.

"என்கிட்ட வர்றப்பவே அப்படித்தான் இருந்துச்சு," என்றான் அவன்.

"அப்ப கிழவன் செத்தது?"

"அப்படித்தான் முடியும்னு எனக்குத் தெரியும்ல."

"நீங்க? அந்தப் பூச்செடி?"

"அவனுக்கு ஒரு பூச்செடி இருந்தா யாருக்குடி நஷ்டம்?" என்றாள் மிஸ் ஏர்னஸ்டின், கண் கலங்கியபடி. இல்லாத பக்கத்துக்காகத்தான் இத்தனை நாள் அழுதிருக்கிறாள்.

"லவோன் டிப்ஸ்!" என்று கூப்பிட்டார் காவலர்.

எப்படி எழுந்தாள், எப்படி நடந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. மேசைக்குப் பின்னால் நீதிபதி ஹாலோவெல் தொண்டைக் கட்டுக்கு மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தார். நோரா எல்லாவற்றையும் அழகாகச் சொன்னாள்: ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் வந்தார், புதிதாக வருகிறவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார், வேலை காத்திருக்கிறது.

"என்ன புத்தகம்?"

"முகவரி இல்லாத சாட்சி, யுவர் ஆனர்."

நீதிபதியின் கன்னத்தில் மிட்டாய் இடம் மாறியது. "ஓ. அதுவா. எப்படி முடியுது?"

லவோன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது: ஒரு பக்கம் சாவு, ஒரு பக்கம் பூச்செடி. ஒன்றைச் சொன்னால் பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம். சரியாக விழுந்தால் திங்கள்கிழமை பேருந்து. நோரா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சாவு என்று சொல்ல லவோன் வாயைத் திறந்தாள். நாவல் என்றால் சாவுதான் எடுபடும். ஆனால் வெளியே வந்தது வேறு.

"தெரியாது, யுவர் ஆனர். எங்க புத்தகத்துல கடைசிப் பக்கங்க இல்ல. ரெண்டு பேரு எனக்கு முடிவு சொன்னாங்க. ரெண்டும் அவங்களாக் கட்டி விட்டது. அதுல ஒண்ணச் சொல்லிடலாமான்னு இப்பக்கூட ஒரு நிமிஷம் பார்த்தேன்."

நோரா கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன முடிவு சொன்னாங்க?"

லவோன் சொன்னாள். வாசலில் சாவதை, மஞ்சள் பூவை, கேக்கை. நீதிபதி கேட்டார், மிட்டாயைக் கடித்து நொறுக்கினார்.

"ரெண்டும் இல்ல."

கூடமே 'ஆ' என்றது. ரூஃபஸ் எழுந்துவிட்டான். "அப்ப என்னதாங்க ஆச்சு?"

"சொல்லாதீங்க! சொல்லாதீங்க!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். "நான் இன்னும் மூணாவது பாகத்துலதான் இருக்கேன்!"

காவலர் அமைதி அமைதி என்று கத்த வேண்டியதாயிற்று. நகரத்தின் சார்பில் வாதாட வந்திருந்த வக்கீல், அதுவரை வாயைத் திறக்காதவர், "அந்தக் கதையில நகர வக்கீல்தான் வில்லன். இதையும் பதிவு பண்ணிக்கணும்," என்றார் பரிதாபமாக.

நீதிபதி முன்னால் சாய்ந்தார். "முடிவ விடுங்க. உங்களுக்குப் பிடிச்சுதா?"

'நல்ல புத்தகம், என் வாழ்க்கையையே மாற்றியது' என்று சொல்லத்தான் நோரா பழக்கியிருந்தாள். ஆனால் ஒரு மெய்யைச் சொல்லிவிட்டால் அடுத்தது தானாக உருண்டு வந்துவிடுகிறது.

"பாதிப் புத்தகம் என்னத் தூங்கவிடல, யுவர் ஆனர். அந்த வக்கீலம்மா பஸ்ஸ எடுத்துக்கிட்டு பாலத்து மேல பறக்குறா பாருங்க, அப்படி ஒரு பஸ் உலகத்துலயே ஓடாது. எனக்குத் தெரியும், நான் ஓட்டியிருக்கேன். ஆனா அந்த இடத்த நாலு தடவ படிச்சேன். காலு தானா பிரேக்கத் தேடுச்சு. மீதிப் பாதிதான்... எப்படிச் சொல்ல. அதுல ரோட்டுல இருக்கிற எங்காளுங்க எல்லாரும் ஒண்ணு அழுவுறாங்க, இல்ல தத்துவம் பேசுறாங்க. ஒருத்தர்கூட சிரிக்கல. ஒருத்தர ஒருத்தர் கிண்டல் பண்ணல. முழுப் புத்தகத்துலயும் ஒரு ஆளுக்குக்கூட காலுறை ஈரமாகி எரிச்சல் வரல. அவ்வளவு நல்லவங்களா இருந்தா நாங்க எப்படி யுவர் ஆனர் ஒரு நாள் தாங்குவோம்?"

"அப்படிச் சொல்லு!" என்றான் ரூஃபஸ்.

"ஆனா அழ வச்சுதே!" என்றாள் மிஸ் ஏர்னஸ்டின்.

"ரெண்டு பேரும் உட்காருங்க," என்றார் நீதிபதி. "முடிவ எழுதுற வேலை இங்க என்னுது." அவருடைய வாயோரம் துடித்தது. "நான் அந்தப் புத்தகத்த ரெண்டு தடவ சுவத்துல விட்டெறிஞ்சேன். ரெண்டு தடவையும் நானே எழுந்து போய் எடுத்துட்டு வந்தேன். அதுல வர்ற நீதிபதி பக்கத்துக்குப் பக்கம் சுத்தியல் தட்டுறாரு. எனக்கும் ஒண்ணு பரிசாக் குடுத்தாங்க, வீட்ல பாதாம் உடைக்கிறோம்." மேசையில் கையைப் பரப்பி வைத்தார். "மிஸ் டிப்ஸ், உங்களப் படிச்சு முடிக்கச் சொல்லல. வந்து உட்காரச் சொன்னோம். வந்தீங்க. பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம் கிடைச்சுது, விட்டுட்டீங்க. எல்லா வழக்கும் தள்ளுபடி. உரிமத்து மேல இருக்கிற தடைய இன்னைக்கே எடுக்கச் சொல்றேன்."

கைதட்டல் கிளம்பியது. யார் தொடங்கியது என்று தெரியவில்லை. மிஸ் ஏர்னஸ்டின் தொப்பியை மேலே எறிந்ததை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள். அது நகர வக்கீலின் காபியில் விழுந்தது.

லவோனுக்குக் காது அடைத்தது. நோரா அவளைத் தோளைப் பிடித்து நகர்த்திச் சமையலறைப் பக்கம் கொண்டுபோய்த் தன் போனைக் கையில் திணித்தாள். எண் மனப்பாடம். இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவதில் பிடித்தாள்.

"ஹெக்டர்! நான் லவோன். முடிஞ்சிருச்சு! எல்லாம் போயிடுச்சு! லைசென்ஸு வருது!"

"எங்கேருந்து பேசுற? பின்னாடி என்ன சத்தம், கல்யாணமா?"

"கோர்ட்டு!"

"கோர்ட்டுல எதுக்கு இப்படிச் சிரிக்கிறாங்க?" என்றவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "சரி, துறைமுகப் பக்கத்து ரூட்டு உனக்கு. பசங்க பிசாசுங்க, முன்னாடியே சொல்லிட்டேன். போன டிரைவர் அழுதுட்டே இறங்கிப் போனான். திங்கள் விடியறதுக்குள்ள வந்துரு."

"பிசாசுங்களா? எனக்கா?" லவோன் கத்திய கத்தலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "அனுப்பு ஹெக்டர், எல்லாரையும் அனுப்பு!"

கூடத்திலிருந்து காவலர் விரலை உதட்டில் வைத்தபடி எட்டிப் பார்த்தார். அவளால் முடியவில்லை. அங்கே மாட்டியிருந்த சமையல் ஏப்ரன் ஒன்றை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டு, பால் பெட்டி மேல் உட்கார்ந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.