எழுதி வைக்காத எண்

மதியம் இரண்டு மணிக்குள் பெட்டிக்காரர் நான்கு முறை வாசலுக்குப் போய் வந்துவிட்டார். பழைய யூனிக்ஸ் கணினிகளை வீடு கொள்ளாமல் அடுக்கி வைத்திருப்பதால் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். இன்று மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்று மணிக்கு, சாலைப் பணியில் இருக்கும் மச்சினன் ஆட்களோடு சாலையைத் தோண்டப்போகிறான். அடியில் எரிவாயுக் குழாய் எங்கே ஓடுகிறது என்பது ஒரே ஒரு வரைபடத்தில்தான் இருக்கிறது. அதுவும் மேசைமேல் இருக்கும் இந்தப் பழைய கணினிப் பெட்டிக்குள்.

மூடிப்போன எரிவாயு அலுவலகத்திலிருந்து பெட்டியைத் தூக்கி வந்தவனே மச்சினன்தான். அதன் வன்வட்டில் இருந்ததை மடிக்கணினிக்கு நகலெடுத்து, பழைய இயந்திரம் போலவே நடிக்கும் எமுலேட்டரில் ஓட்டியும் ஆயிற்று. வரைபட மென்பொருள் மட்டும், அசல் பெட்டியின் இயந்திர எண் இருந்தால்தான் திறப்பேன் என்று கையை விரித்தது.

அந்த எண் பெட்டிக்குள் ஒரு சில்லில், சில்லுக்குள்ளேயே அடைத்திருந்த பேட்டரியின் தயவில் உயிரோடிருந்தது. பேட்டரி சாகக் கிடக்கிறதே, மாற்றிவிடுவோம் என்று நேற்று இவர் சில்லின் தலையை ரம்பத்தால் அறுத்தார். எண் போயிற்று. அதே எண்ணை அச்சிட்டு மேலே ஒட்டியிருந்த சீட்டும் தூளாயிற்று. முதலில் எண்ணை எழுதி வை, பிறகு கை வை என்று உலகத்துக்கே பாடம் எடுக்கிறவர்! ஊருக்குத்தான் உபதேசம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

மச்சினனை அழைத்து வேலையைத் தள்ளிப்போடச் சொன்னார். மேலிடம் வாய்ச்சொல்லுக்கு மசியாது, படத்தைக் காட்டினால் நிறுத்தலாம் என்றான் அவன். நிதானமாகத்தான் சொன்னான்.

இனி மறைத்து என்ன பயன்? சமையலறைக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் திட்டவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"ஆன் பண்ணினதும் வெள்ளையா ஒரு திரை வருமே, அதுலயா இருக்கும் அந்த நம்பர்?"

ஆமாம் என்றார். அவள் கைப்பேசியைத் துழாவி எடுத்தாள். பெட்டி வந்த அன்று, அது சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டு திரை ஒளிர நின்றதைப் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வரி: 'இந்தக் குப்பையை என் தலையில கட்டிட்டியே, நீ நல்லா இருப்பியா?'

எண் தெரிந்தது. கடைசி இலக்கத்தை மட்டும் குழல்விளக்கின் வெளிச்சம் தின்றிருந்தது. பூஜ்யம் முதல் ஒன்பது, பிறகு கணினி எண்களில் வரும் A முதல் F வரையான ஆறு எழுத்துகள், பதினாறில் ஒன்று. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் எமுலேட்டர் அடியிலிருந்து எழுந்து வர மூன்று நிமிடம் பிடித்தது. மனைவி கடிகாரத்தையும் அவர் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். பதினான்காவதில் வரைபடம் விரிந்தது. மணி இரண்டு ஐம்பத்தைந்து.

குழாயின் சிவப்புக் கோடு, தோண்டுவதற்கு முளையடித்திருப்பதாக மச்சினன் சொல்லியிருந்த இடத்துக்கு நேர் கீழே ஓடியது.

படத்தை அனுப்பிவிட்டு அழைத்தார். மறுமுனையில் தோண்டும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. மச்சினன் யாரையோ பார்த்துக் கத்தினான். உறுமல் நின்றது. மனைவி கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"டேய், அந்தப் படத்துக்குக் கீழ எழுதியிருந்தேன்ல, அதை அழிச்சிடுடா," என்றாள். "படம் இருக்கட்டும்."

பெட்டிக்காரர் பென்சிலைத் தேடியெடுத்து, பெட்டியின் மூடியிலேயே எண்ணை எழுதினார்.