இரண்டு பொட்டு வைத்த துவக்கு

துவக்கின் நம்பரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள், அதை விற்ற கொழும்புக் கொம்பனியில் வேலை செய்கிற பிள்ளை. நம்பர் இருக்கிற இடத்தில் ஐயர் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கல்லாய்க் கிடந்தன. பிடியின் அடியில் இன்னொரு பொட்டு. ஐயருக்குக் கை தாராளம்தான். கிணற்றடியில் குந்தியிருந்து பழைய பல்லுப் பிறசால் தேய்த்தேன். 417 தெரிந்தது. என்னிடம் இருந்த வாரண்டி அட்டையில் 418.

எனக்கு அது புதினமில்லை. என் கையில் இருந்தது மிரோஜனின் துவக்கு. நான்தான் மாற்றி எடுத்தவன்.

துவக்கு என்றதும் பயப்படாதேயுங்கோ. ஓட்டப்போட்டியைத் தொடக்குகிற றிவோல்வர். குண்டு கிடையாது, தொப்பி வெடிதான். புளியங்கூடலில் எங்கள் பாடசாலையில் அதுவரை இரண்டு பலகையை அடித்துத்தான் பிள்ளைகளை ஓடவிட்டோம். சுவிஸில் இருந்து வந்த அரியநாயகம் எங்கள் பாடசாலைக்கு ஒன்று, தன் மனிசி படித்த பக்கத்து ஊர்ப் பாடசாலைக்கு ஒன்று என்று வாங்கித் தந்தார். எங்கள் பாடசாலையில் விளையாட்டுப் பழக்குகிற பி.ரி. மாஸ்ரர் நான்; அந்தப் பாடசாலையில் மிரோஜன். வயது இருபத்தொன்பது. எனக்கு அதுபோல இரண்டு மடங்கு, மூன்று குறைவு.

கையளித்த அன்று மைதானத்தில் ஆளுக்கொரு வெடி வைத்துப் பார்த்தோம். அவனுடையது அதிர்ந்தது. வேலியில் இருந்த காகம் முழுக்க எழும்பிப் பறந்தது. பிள்ளைகள் "மிரோஜன் சேர்!" என்று கத்தினார்கள். என்ரை பாடசாலைப் பிள்ளைகள்! அடுத்தது நான் சுட்டேன். சிரட்டை உடைந்த சத்தம். ஒரு பெடிச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எரிச்சல் என்று சொன்னால் பொய். பொறாமை. பிறகு பூசைக்காக இரண்டையும் பிள்ளையாரடியில் ஒரே தட்டில் வைத்தார்கள். பூசை முடிந்து எல்லாரும் வடைக்கும் தேத்தண்ணிக்கும் போன நேரம், அவனுடைய பெட்டிக்குள் என்னுடையதையும், என்னுடைய பெட்டிக்குள் அவனுடையதையும் வைத்தேன். பிள்ளையார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மூன்று கிழமை வெடித்தது. பிறகு விசையை இழுத்தால் சுத்தியல் பாதி வழியில் நின்றுகொண்டது. போட்டிக்கு ஒன்பது நாள். வலயப் போட்டியில் பதினேழு வருசமாக ஓட்டத்தைத் தொடக்கிவைக்கிற ஸ்ராட்டர் நான்தான். இந்த முறை கல்விப் பணிப்பாளர், ஆருடைய துவக்கு ஒழுங்காக வெடிக்குதோ அவரே நிற்கட்டும் என்று சொல்லிப்போட்டார்.

படம் போய்ப் பத்து நிமிசத்தில் கொம்பனிப் பிள்ளை கோல் எடுத்தாள். "சேர், இந்த நம்பர் மத்த ஸ்கூலுக்குத்தானே பதிஞ்சிருக்கு. அவங்கட கார்டும் அந்த சேர்ட கையெழுத்தும் இருந்தா மாத்தித் தரலாம். எப்படி சேர் மாறிச்சு?"

"பிள்ளையாருக்குத்தான் தெரியும்" என்றேன்.

"போய்க் கேளுங்கோவன்" என்றாள் என் மனிசி பவதாரணி. "அந்தப் பெடி தங்கமான பெடி."

எல்லாருக்கும் அவன் தங்கம். எனக்கு வந்த கோபத்தில் சாப்பிடாமலே வெளிக்கிட்டேன். துவக்கைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, அதற்கு மேலே, இது விளையாட்டுத் துவக்கு என்று பாடசாலை அதிபர் தந்த கடிதத்தையும் வைத்துக்கொண்டேன். சண்டைக் காலத்தில் ஆமி மறித்துச் சோதித்த இந்தத் தெருவால், கடிதம் இல்லாமல் அதைக் கொண்டுபோக எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

நான் போய்ச் சேர அவன் பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டிருந்தான். கை உயர்ந்தது. வெடித்தது. நெஞ்சுக்குள் கேட்டது அந்தச் சத்தம். நான் வேண்டாம் என்று தள்ளிவிட்ட அதே துவக்கு!

"என்ன செய்தனீர் இதுக்கு?" வந்த அலுவலை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் கேட்டேன்.

"தையல் மெசின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டனான் சேர். இறுக்கமாய் இருந்தது. வேறை ஒண்டுமில்லை."

அட்டையை நீட்டினேன். "அண்டைக்குப் பூசையிலை மாறிப்போச்சுது போலை."

அவன் அட்டையை வாங்கவில்லை. கையில் இருந்த சுண்ணாம்புத் தூளைக் காற்சட்டையில் துடைத்தான்.

"மாறேல்லை சேர்." குரலை அவன் உயர்த்தவில்லை. "ஐயர் ஒரு பொட்டுத்தான் வைச்சவர். என்ரையிலை பிடிக்குக் கீழை நான் இன்னொண்டு வைச்சனான். வீட்டை போய்ப் பெட்டியைத் திறக்கவே விளங்கீட்டுது."

"பிறகேன் கேக்கேல்லை?"

"நீங்கள் ஆசைப்பட்டு எடுத்தியள். எப்பிடிக் கேக்கிறது?"

ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அவன் உள்ளே போய்த் தன் அட்டையை எடுத்துவந்து, மோட்டச்சைக்கிள் சீற்றில் வைத்துக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டான். 'தவறுதலாக மாறியது' என்று எழுதியிருந்தான். முத்து முத்தான எழுத்து. அதையும் பார்த்து எரிந்தேன்.

"கொம்பனிக்காரர் புதுசு அனுப்ப எப்பிடியும் ஒரு மாசம் செல்லும்" என்று வெடித்த துவக்கைப் பெட்டியோடு நீட்டினான். "போட்டிக்கு இதைக் கொண்டுபோங்கோ. உங்கடைதானே. நான் முடிவுக் கோட்டிலை நேரம் எடுக்கிறன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பதினேழு வருசம். வாங்கினேன். நன்றி என்ற சொல் வாயில் வரவேயில்லை. வரும் வழியெல்லாம், இப்படி விட்டுக்கொடுக்க இவனுக்கு ஏலுமாயிருக்கு, எனக்கு ஏலாதே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டு வந்தேன்.

வலயப் போட்டி அன்று நூறு மீற்றர் முதல் ஓட்டம். வெள்ளை உடுப்பும் சிவப்புக் கைப்பட்டியுமாக ஏணிப்படியில் ஏறி நின்றேன். "இடத்துக்கு" என்றேன். எட்டுப் பிள்ளைகளும் குனிந்தார்கள். "ஆயத்தம்." எட்டு இடுப்பும் உயர்ந்தன. கையைத் தூக்கினேன்.

நேரம் எடுப்பவர்கள் சத்தத்துக்குக் காத்திருப்பதில்லை. புகை தெரிந்ததும் மணிக்கூட்டை அமத்த வேண்டும் என்பதால், ஓடுகிறவர்களைப் பார்க்காமல் துவக்கைத்தான் பார்ப்பார்கள். நூறு மீற்றருக்கு அப்பால் மிரோஜன் மணிக்கூட்டில் விரலை வைத்துக்கொண்டு, கண் வெட்டாமல் என் கையைப் பார்த்தபடி நின்றான்.